வால்வு கிட்டார் ஆம்ப்பில் பவர் டிரான்ஸ்ஃபார்மர் போனால்: கண்டுபிடிப்பதும் மாற்றுவதும்

ஆம்ப்பைப் போட்டதும் ஃபியூஸ் போகிறது. புதிய ஃபியூஸ் போட்டால் அதுவும் போகிறது. உடனே 'டிரான்ஸ்ஃபார்மர் அவுட்' என்று முடிவுகட்டி, புதிதாக ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்துவிடுபவர்கள் நிறைய. அவசரப்படாதீர்கள். இப்படி வரும் ஆம்ப்களில் பல நேரம் டிரான்ஸ்ஃபார்மர் நன்றாகவே இருக்கும். கோளாறு ஒரு ரெக்டிஃபையர் வால்விலோ (ஏசியை டிசி ஆக்குவது) ஃபில்டர் கெப்பாசிட்டரிலோ (அந்த டிசியைச் சீராக்குவது) இருக்கும். டிரான்ஸ்ஃபார்மரே எரிந்திருந்தாலும், அது தானாக எரிவது அபூர்வம். ஏதோ ஒன்று அதை எரித்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டினால், அதுவும் அதே வழியில்தான் போகும்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போவதைவிட ஒரு குறிப்பிட்ட ஆம்ப்பை எடுத்துக்கொள்வோம்: ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், 1960-களில் வந்த ஏபி763 சர்க்யூட். 22 வாட். இரண்டு 6வி6 பவர் வால்வு, நான்கு 12ஏஎக்ஸ்7, இரண்டு 12ஏடி7, ஒரு ஜிஸெட்34 ரெக்டிஃபையர். அசல் மட்டுமல்ல, இதைப் பார்த்துக் கட்டிய ஆம்ப்களும் ஏராளம். உங்களுடையது வேறு மாடலாக இருந்தால் எண்கள் மாறும், சோதிக்கும் வரிசை மாறாது. அந்த மாடலின் சர்க்யூட் படத்தை மட்டும் முதலில் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொடுவதற்கு முன்

இந்த ஆம்ப்பில் பி பிளஸ், அதாவது வால்வுகளுக்குப் போகும் ஹைவோல்டேஜ், சுமார் 415 வோல்ட் டிசி. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அது ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் நிற்கும். வால்வுகள் சூடாக இருக்கும்போது அணைத்தால் அவை வழியாகவே வடிந்துவிடும். வால்வுகள் கழற்றிய நிலையில் வடிய வழியே இல்லை; சார்ஜை இறக்கத் தனி ரெசிஸ்டரும் இந்தச் சர்க்யூட்டில் கிடையாது. நாம் செய்யப்போகும் சோதனைகளில் பாதி வால்வுகளைக் கழற்றித்தான்.

அதனால் ஒரு 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை எடுத்து, இரு முனையிலும் நல்ல இன்சுலேஷன் உள்ள ஒயரும் முதலைக் கிளிப்பும் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் போட்டுக்கொள்ளுங்கள். ப்ளக்கைப் பிடுங்கி, ஒரு கிளிப்பைச் சேஸிஸில் (ஆம்ப்பின் உலோகச் சட்டம்) மாட்டி, மற்றதைக் கெப்பாசிட்டரின் பிளஸ் முனையில் வையுங்கள். பத்து எண்ணுங்கள். மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள், 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததா என்று. ஒரு கெப்பாசிட்டர் காலியானால் எல்லாமே காலி என்று நம்பாமல், ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும். வேலை முடியும்வரை கிளிப் அங்கேயே இருக்கட்டும். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் 'படார்' என்று ஷார்ட் செய்யும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டுவிடுவது நல்லது.

கரண்ட் இருக்கும்போது அளக்கத்தான் வேண்டும் என்றால், கறுப்பு லீடைச் சேஸிஸில் கிளிப் போட்டுவிட்டு, ஒரு கையால் மட்டும் அளங்கள். மெயின்ஸ் வேலை இதுவரை செய்ததே இல்லை என்றால் இந்தப் பகுதியை வால்வு ஆம்ப் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். இங்கே கூச்சத்துக்கு இடமில்லை.

சீரிஸ் போர்டு

எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் அதே சீரிஸ் போர்டுதான்: ஒரு பல்பு ஹோல்டர், அதற்கு சீரிஸில் ஒரு சாக்கெட். பல்பு 100 வாட் குண்டு பல்பாக இருக்க வேண்டும். எல்இடி, சிஎஃப்எல் எதுவும் இதற்கு உதவாது. குண்டு பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது ரெசிஸ்டன்ஸ் குறைவு, சூடானால் பல மடங்கு கூடும். ஆம்ப்புக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரிந்து கரண்டைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும், 230 வோல்ட்டில் அரை ஆம்பியருக்கு மேல் போகவிடாது. ஷார்ட் இல்லையென்றால் ஒரு நொடி பளிச்சிட்டு மங்கிவிடும். ஃபியூஸ் பெட்டியைக் காலிசெய்துகொண்டே போக வேண்டிய அவசியமில்லை.

120 வோல்ட் ஆம்ப்பை ஸ்டெப்-டவுன் (230-ஐ 120 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி) மூலம் ஓட்டுகிறீர்கள் என்றால், பல்பை ஸ்டெப்-டவுனுக்கு முன்னால், 230 வோல்ட் பக்கம் வையுங்கள். முதலில் ஆம்ப் இல்லாமல் ஸ்டெப்-டவுனை மட்டும் போட்டு, பல்பு எவ்வளவு எரிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல நேரம் கோளாறு அங்கேயே கிடைத்துவிடும்.

யார் மேல் சந்தேகம்?

எல்லா வால்வுகளையும் கழற்றுங்கள், ரெக்டிஃபையர் உட்பட. எது எந்த சாக்கெட்டில் இருந்தது என்று எழுதி வையுங்கள். சரியான அளவு ஃபியூஸைப் போட்டு, சீரிஸ் போர்டு வழியாக ஆன் செய்யுங்கள்.

பல்பு பளிச்சிட்டு மங்கிவிட்டதா? டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் தப்பியது. இனி வால்வுகளைத் திரும்பப் போட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கி, சார்ஜை இறக்கிவிட்டுத்தான் அடுத்தது. முதலில் சிறிய வால்வுகள். ரெக்டிஃபையர் இல்லாததால் அவற்றுக்கு ஹீட்டர் கரண்ட் (வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட்) மட்டும்தான் கிடைக்கும். பல்பு கொஞ்சம் கூடுதலாக எரியும், அவ்வளவுதான். அடுத்து ரெக்டிஃபையர். அப்போது பல்பு முழுதாக எரிந்தால், ஜிஸெட்34 உள்ளே ஷார்ட், அல்லது பி பிளஸ் பாதையில் ஒரு கெப்பாசிட்டர் ஷார்ட். நல்லது என்று தெரிந்த வேறொரு ரெக்டிஃபையரைப் போட்டால் எது என்று தெரிந்துவிடும். கடைசியாக 6வி6 இரண்டும், ஒவ்வொன்றாக. ஸ்பீக்கர் இணைப்பில் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை: பவர் வால்வு இல்லாமல் ரெக்டிஃபையர் மட்டும் இருக்கும்போது பி பிளஸ் இழுக்க ஆளில்லாமல் மேலே ஏறும். டிரான்ஸ்ஃபார்மர் ஒவ்வொரு பக்கமும் தரும் 330 வோல்ட் ஏசியின் உச்சமே 467 வோல்ட். கெப்பாசிட்டர்கள் 450 வோல்ட் ரகமாக இருந்தால் இந்த நிலையில் சில நொடிகளுக்கு மேல் விடாதீர்கள்.

சரி, வால்வே இல்லாதபோதும் பல்பு முழுதாக எரிகிறது. அப்போதும் டிரான்ஸ்ஃபார்மர்தான் என்று சொல்லிவிட முடியாது. அதன் கூடவே இன்னும் சில விஷயங்கள் இணைந்திருக்கின்றன. முன்பக்கச் சிவப்பு விளக்கின் ஹோல்டரில் தகடு வளைந்து மறுமுனையைத் தொட்டாலும் ஹீட்டர் லைன் ஷார்ட்தான். விளக்கைக் கழற்றி, ஹோல்டரைக் கூர்ந்து பாருங்கள். அப்புறம் பயஸ் சர்க்யூட் (பவர் வால்வின் கரண்டை அடக்கிவைக்கும் மைனஸ் வோல்டேஜைத் தருவது): டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து சிவப்பும் நீலமுமாக வரும் ஒயர் அங்கேதான் போகும், அதன் டையோடும் கெப்பாசிட்டரும் ஷார்ட் ஆகலாம். கிரவுண்ட் சுவிட்சில் மெயின்ஸ் லைனுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். மூன்று பின் ஒயர் போட்டு எர்த் கொடுத்த ஆம்ப்பில் அது ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போகும். அது கெட்டாலும் கெடாவிட்டாலும், மூன்று பின் ஒயர் போட்டபின் அது தேவையில்லை, வெட்டி எறியுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், செகண்டரி (ஆம்ப்புக்கு வோல்டேஜ் தரும் பக்கம்) ஒயர்கள் அனைத்தையும் சோல்டர் எடுத்துப் பிரித்து, ஒன்றோடொன்று தொடாமல் ஒவ்வொன்றையும் தனித்தனியே டேப் சுற்றுங்கள். பிரைமரி (மெயின்ஸ் பக்கம்) மட்டும் இணைப்பில். இப்போதும் பல்பு முழுதாக எரிந்தால் தீர்ப்பு எழுதிவிடலாம்: உள்ளே சுற்றுகள் ஷார்ட். பெரும்பாலும் வார்னிஷ் கருகிய வாடையும் கூடவே வரும். ஒருமுறை முகர்ந்தால் மறக்காத வாடை அது.

மீட்டர் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

ஓம் மீட்டரை வைத்துப் பார்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. பிரைமரியில் சில ஓம், ஹீட்டரில் ஒரு ஓமுக்கும் கீழே, ஹைவோல்டேஜ் வைண்டிங்கில் பல பத்து ஓமிலிருந்து நூற்றுச் சொச்சம் வரை காட்டும். ஓப்பன் ஆன, அதாவது உள்ளே அறுந்த, வைண்டிங்கை இது உடனே காட்டிவிடும். ஆயிரக்கணக்கான சுற்றுகளில் இரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் ஓமில் வித்தியாசமே தெரியாது. ஆனால் அந்த இரண்டு சுற்று ஷார்ட்டே டிரான்ஸ்ஃபார்மரை எரிக்கப் போதும்.

அதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. 12 வோல்ட் ஏசி தரும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொள்ளுங்கள் (டிசி அடாப்டர் ஆகாது). செகண்டரிகள் எல்லாம் பிரித்த நிலையில், அந்த 12 வோல்ட்டைப் பிரைமரிக்குக் கொடுங்கள். பிரைமரி 120 வோல்ட் என்றால் எல்லாம் பத்தில் ஒரு பங்காக வரும்: ஹைவோல்டேஜ் இரு முனைக்கும் இடையே 66 வோல்ட், ஹீட்டரில் 0.63, ரெக்டிஃபையர் ஹீட்டரில் 0.5. பிரைமரி 230 வோல்ட் என்றால் ஹைவோல்டேஜில் 34 வோல்ட்டை ஒட்டியும் ஹீட்டரில் 0.33-ம் வரும். லோடு இல்லாததால் கொஞ்சம் கூடவே காட்டும். சென்டர் டேப்பிலிருந்து (வைண்டிங்கின் நடுவிலிருந்து வரும் ஒயர்) இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் குறைந்தாலோ, அந்த 12 வோல்ட்டே 7, 8 என்று படுத்துவிட்டாலோ, சின்ன டிரான்ஸ்ஃபார்மர் சூடேறினாலோ, சுற்று ஷார்ட்.

இதைத் தலைகீழாகச் செய்துவிடாதீர்கள். 12 வோல்ட்டை ஹீட்டர் வைண்டிங்கில் கொடுத்தால், 120 வோல்ட் பிரைமரியில் 228 வோல்ட்டும், ஹைவோல்டேஜ் முனைகளில் ஆயிரத்துக்கு மேலும் வரும்.

மெகர் (அதிக வோல்டேஜில் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) கிடைத்தால் 500 வோல்ட்டில் பிரைமரிக்கும் செகண்டரிக்கும், ஒவ்வொரு வைண்டிங்குக்கும் இரும்புக்கும் இடையே பாருங்கள். சாதா மீட்டரில் சுத்தமாகத் தெரியும் இன்சுலேஷன் வோல்டேஜ் ஏறியதும் கசிவது உண்டு.

ஃபியூஸே போகாமல் ஆம்ப் செத்துக் கிடந்தால் கதை வேறு. ஒயர், சுவிட்ச், ஃபியூஸ் ஹோல்டர் எல்லாம் சரியாக இருந்து பிரைமரி ஓப்பன் காட்டினால், புதிய காலத்து டிரான்ஸ்ஃபார்மர்கள் சிலவற்றில் பிரைமரிக்குள் ஒரு தெர்மல் ஃபியூஸ் இருக்கும், அது போயிருக்கலாம். ஆம்ப் வேலைசெய்து, பி பிளஸ் குறைந்து, இரைச்சல் வழக்கத்தைவிடத் தடிமனாக இருந்தால் ஹைவோல்டேஜின் ஒரு பாதி ஓப்பனா என்று பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸில் வழக்கமான இரைச்சல் 100 ஹெர்ட்ஸ். ஒரு பாதி போனால் அது 50 ஆகும்.

கொன்றது எது

டிரான்ஸ்ஃபார்மர் போனது உறுதி. ஆர்டர் போடுவதற்கு முன் இதற்குப் பதில் வேண்டும்.

முதலில் ஃபியூஸ் ஹோல்டரைத் திறந்து பாருங்கள். 120 வோல்ட்டில் இந்த ஆம்ப்புக்கு 2 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ (மெதுவாகப் போகும் ஃபியூஸ்). அங்கே 10 ஆம்பியரோ சிகரெட் பெட்டித் தகடோ இருந்தால், எப்படி எரிந்தது என்பதில் பாதி தெரிந்துவிட்டது: யாரோ ஒருவர் ஃபியூஸ் போகிறதே என்று பெரிதைப் போட்டு, ஃபியூஸுக்குப் பதில் டிரான்ஸ்ஃபார்மரை எரித்திருக்கிறார். மீதிப் பாதி, முதல் ஃபியூஸ் ஏன் போனது என்பது. பி பிளஸுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஓம் பாருங்கள். ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் அசலானவையாக இருந்தால் சோதிக்காமலே மாற்றிவிடலாம், அவற்றின் வயது அப்படி. பயஸ் கெப்பாசிட்டரையும் மறக்க வேண்டாம். அது காய்ந்து பயஸ் வோல்டேஜ் சரிந்தால் 6வி6-இன் பிளேட் சிவந்து, கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். ஃபியூஸ் போகாமலே டிரான்ஸ்ஃபார்மரை மணிக்கணக்கில் வேகவைக்கும் கோளாறு இது.

நம் ஊரில் இதற்கெல்லாம் மேல் ஒரு காரணம் உண்டு: அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் ஆம்ப்பை 230 வோல்ட் சாக்கெட்டில் நேரே செருகிவிடுவது. சரியான ஃபியூஸ் இருந்தால் அது உடனே போய் டிரான்ஸ்ஃபார்மர் பிழைக்க வாய்ப்புண்டு. ஸ்டெப்-டவுன் வைத்து ஓட்டினாலும் முழு நிம்மதி இல்லை. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கட்டிய டிரான்ஸ்ஃபார்மரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் இரும்பில் காந்தப்புலம் 20 சதவீதம் கூடும். சூடு ஏறும், உறுமும். மாற்றத்தான் போகிறோம் என்றால் 230 அல்லது 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் பிரைமரியாகவே வாங்கிவிடுங்கள், ஸ்டெப்-டவுன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவதும் மிச்சம்.

புதியதைத் தேர்ந்தெடுப்பது

கணக்கு எளிது. சிறிய வால்வு ஆறும் 6.3 வோல்ட்டில் தலா 0.3 ஆம்பியர், ஆக 1.8. இரண்டு 6வி6 தலா 0.45, ஆக 0.9. முன்பக்க விளக்கு 0.15. மொத்தம் 2.85 ஆம்பியர், 3.5 அல்லது 4 ஆம்பியர் வைண்டிங் இருந்தால் நிம்மதி. ஜிஸெட்34-க்கு 5 வோல்ட்டில் 1.9 ஆம்பியர், எனவே 2 அல்லது 3 ஆம்பியர். ஹைவோல்டேஜ் 330-0-330, சுமார் 120 முதல் 150 மில்லி ஆம்பியர். இதோடு பயஸ் டேப் (பயஸுக்கென வைண்டிங்கிலிருந்து வரும் தனி ஒயர்) கட்டாயம். பயஸ் டேப் இல்லாத மலிவான ஒன்றை வாங்கிவிட்டு, பிறகு பயஸை எங்கிருந்து எடுப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். அதிக வோல்டேஜ் தந்தால் சத்தம் கூடும் என்று 350, 360 வாங்குவதும் வேண்டாம். கெப்பாசிட்டரும் 6வி6-உம்தான் அதற்கு விலை கொடுக்கும்.

கனடாவின் ஹேமண்ட், அமெரிக்காவின் மெர்க்குரி மேக்னெடிக்ஸ், ஹெய்போயர் ஆகியோர் இந்த வகை ஆம்ப்களுக்கென்றே டிரான்ஸ்ஃபார்மர் கட்டுகிறார்கள். கப்பலும் சுங்கமும் சேர்ந்தால் விலை கடிக்கும், எடையும் அப்படி. பழையதைக் காயில் கட்டுபவரிடம் கொடுப்பது இன்னொரு வழி. அவர் மோட்டார் மட்டுமே கட்டிப் பழகியவர் என்றால் யோசியுங்கள். 660 வோல்ட் வைண்டிங்குக்கு ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே இன்சுலேஷன் தாள் வேண்டும், பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே இன்னும் கூடுதலாக வேண்டும், கட்டி முடித்ததும் வார்னிஷில் முக்கிச் சூளையில் காய வைக்க வேண்டும், ஹை-பாட் சோதனை (அதிக வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைப் பார்ப்பது) செய்ய வேண்டும். இதைக் கேட்டு அவர் தலையாட்டினால் போதாது, வால்வு ஆம்ப்புக்கு முன்பு கட்டிக் கொடுத்த ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

கழற்றுவது

ஒரு ஒயரைத் தொடும் முன் போன் கேமராவில் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு ஒயரிலும் எந்த இடம் என்று எழுதிய டேப் ஒட்டுங்கள். ஃபெண்டரின் வழக்கமான நிறங்கள் இவை: கறுப்பு இரண்டும் பிரைமரி, சிவப்பு இரண்டும் ஹைவோல்டேஜ், சிவப்பு-மஞ்சள் அதன் சென்டர் டேப், பச்சை இரண்டும் ஹீட்டர், மஞ்சள் இரண்டும் ரெக்டிஃபையர் ஹீட்டர், சிவப்பு-நீலம் பயஸ். புதியது வேறு கம்பெனியுடையது என்றால் நிறத்தை நம்பாதீர்கள், கூடவே வரும் தாளை நம்புங்கள்.

ஒயரை வெட்டாமல் சோல்டர் எடுத்துக் கழற்றுங்கள். சென்டர் டேப் சேஸிஸிலேயே நேராகச் சோல்டர் செய்யப்பட்டிருந்தால் 25 வாட் அயர்னால் அது அசையாது. இரும்புத் தகடு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். 100 வாட் அயர்ன் வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த ஒயரை மட்டும் ஒட்டி வெட்டிவிட்டு, புதியதற்குச் சேஸிஸில் தனியாக ஒரு போல்ட், பல் வாஷர், லக் போட்டு எர்த் செய்யுங்கள்.

நான்கு நட்டுகளைக் கழற்றும்போது ஒரு கை டிரான்ஸ்ஃபார்மரின் அடியில் இருக்கட்டும். அந்த நான்கு போல்ட்டுகள்தான் மேல் மூடியையும் இரும்புத் தகடுகளையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. புதியதைச் சேஸிஸ் ஓட்டையில் வைத்துப் பார்த்து, ஒயர்கள் தகட்டின் விளிம்பில் உரசாமல் வருகின்றனவா என்று பாருங்கள். உரசினால் ரப்பர் குரோமெட்.

இணைப்பு

பிரைமரி: மெயின்ஸ் ஒயரின் லைவ் ஃபியூஸ் ஹோல்டரின் கடைசி முனைக்கு (மூடிப் பக்க முனைக்கு அல்ல), அங்கிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து பிரைமரியின் ஒரு முனை. நியூட்ரல் மறுமுனைக்கு. எர்த் தனியாக ஒரு போல்ட்டில். டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டை எர்த்துக்குப் பயன்படுத்தாதீர்கள், அது தளரும். இரண்டு 120 வோல்ட் பிரைமரிகள் உள்ள வகை என்றால் 240-க்கு இரண்டையும் சீரிஸில் போட வேண்டும். முதலாவதின் முடிவும் இரண்டாவதின் தொடக்கமும் சேர வேண்டும். மாற்றிப் போட்டால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு ஃபியூஸ் போகும். 230-க்கும் 240-க்கும் தனித்தனி டேப் இருந்தால் நம் ஊர் மின்சாரத்துக்கு 240-ஐத் தேர்ந்தெடுங்கள்.

ஹைவோல்டேஜின் சிவப்பு இரண்டும் ரெக்டிஃபையர் சாக்கெட்டின் 4, 6 முனைகளுக்கு. மஞ்சள் இரண்டும் 2, 8-க்கு. பி பிளஸ் 8-லிருந்து போகும், அதைத் தொடாதீர்கள். பச்சை இரண்டையும் நன்றாக முறுக்கிச் சேஸிஸின் மூலையை ஒட்டி விளக்கு ஹோல்டருக்குக் கொண்டுபோங்கள். ஹீட்டருக்குச் சென்டர் டேப் இருந்தால் அதை எர்த் செய்து, விளக்கு ஹோல்டரில் இருக்கும் இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்களை எடுத்துவிடுங்கள். இரண்டில் ஒன்றுதான் வேண்டும். மிச்சமாகும் ஒயர்களைத் தனித்தனியே ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுங்கள், ஒன்றாகச் சேர்த்து முறுக்கக் கூடாது.

இந்தச் சமயத்தில் செய்யக்கூடிய ஒரு சின்னப் பாதுகாப்பு: ஒவ்வொரு சிவப்பு ஒயருக்கும் சாக்கெட் முனைக்கும் இடையே இரண்டு 1என்4007 டையோடுகளைச் சீரிஸில், கோடு சாக்கெட் பக்கம் இருக்கும்படி போடுங்கள். நாளைக்கு ரெக்டிஃபையர் வால்வு ஷார்ட் ஆனாலும் டிரான்ஸ்ஃபார்மர் தப்பும். ஒரு டையோடு போதாது. ஷார்ட் ஆன நேரத்தில் அதன்மேல் ஆயிரம் வோல்ட்டை ஒட்டி வரும், அதன் தாங்குதிறனே ஆயிரம்தான். ஹைவோல்டேஜுக்கு ஃபியூஸ் போட விரும்பினால் சிவப்பு ஒயர்களில் போடுங்கள். பயஸும் இதே வைண்டிங்கிலிருந்து வருவதால் இந்த ஆம்ப்பில் சென்டர் டேப்பில் போடுவது சரியல்ல.

மெயின்ஸ் ஃபியூஸையும் மாற்ற வேண்டும். 120-க்கு 2 ஆம்பியர் என்றால் 230-க்கு 1 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ.

முதல் கரண்ட்

வால்வு எதுவும் இல்லாமல், சீரிஸ் போர்டு வழியாக. பல்பு மங்கியதும் ஏசியில் அளங்கள்: ஹீட்டர், ரெக்டிஃபையர் ஹீட்டர், ரெக்டிஃபையர் சாக்கெட்டின் 4-க்கும் 6-க்கும் சேஸிஸிலிருந்து. பின்னவை இரண்டும் சமமாக இருக்க வேண்டும். டையோடு போட்டிருந்தால் அதற்கு முன்னால், ஒயர்ப் பக்கம் அளங்கள். பிறகு பல்பை விலக்கி நேரடி மெயின்ஸில் அதே அளவுகள். லோடு இல்லாததால் 6.3 இருக்க வேண்டிய இடத்தில் 7 வரை இருந்தால் பயப்பட வேண்டாம்.

அடுத்து, 6வி6 சாக்கெட்டுகளின் 5-ஆவது முனையில் டிசி அளங்கள். மைனஸ் முப்பது, நாற்பது வோல்ட் போல இரண்டிலும் வர வேண்டும். அது வராமல் பவர் வால்வைப் போடவே கூடாது. வந்தபின் ஸ்பீக்கரை இணைத்து, எல்லா வால்வுகளையும் போட்டு, மறுபடி சீரிஸ் போர்டு வழியாக ஒரு நிமிடம். பல்பு இப்போது நடுத்தரமாக எரியும், அது இயல்பு. பிறகு நேரடி மெயின்ஸ்.

ஹீட்டர் லோடோடு 5.7-க்கும் 6.9-க்கும் நடுவே இருக்க வேண்டும். பி பிளஸ் 415-ஐ ஒட்டி வந்தால் பயஸை அமையுங்கள். 6வி6 ஒன்றுக்கு 22 மில்லி ஆம்பியர் என்றால் 415 வோல்ட்டில் 9 வாட் சொச்சம்; அதன் அதிகபட்சம் 14 வாட், எனவே இது பாதுகாப்பான இடம். பி பிளஸ் 430, 440 என்று வந்தால் கரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். பழைய பயஸை அப்படியே விட்டுவிடக் கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் மாறினால் எல்லா வோல்டேஜும் கொஞ்சம் மாறும்.

கடைசியாக ஒரு மணி நேரம் வாசியுங்கள், அல்லது வாசிக்க ஆள் பிடியுங்கள். அதன்பின் டிரான்ஸ்ஃபார்மரின் மூடியில் கை வைத்துப் பாருங்கள். சில நொடிகள் கை நிற்க வேண்டும். சூடாக இருப்பது சகஜம்தான். வைத்ததும் கையை இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தால் அணைத்துவிட்டு, 6வி6 கரண்டையும் மெயின்ஸ் டேப்பையும் திரும்ப அளங்கள்.